செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்: லெய்டனா, சிங்கப்பூரா?

சென்னையில் ஐந்தாண்டு எம்.ஏ. படித்தபோது, தென்கிழக்காசியப் படிப்புக்காக ஒரு செமஸ்டர் வெளியே போக எனக்கு இருந்த வழி இரண்டு: நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். நான் போனது சிங்கப்பூர். அதனால் தராசு கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

இரண்டிலும் ஆங்கிலத்திலேயே பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் இருந்தால் கட்டணத்தை இங்கே கட்டினால் போதும். குளிர், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது, திரும்பி வந்ததும் அந்த மார்க் இங்கே என்னவாக ஏறும் என்பதைத்தான். நெதர்லாந்தில் 10-க்கு மார்க். 5.5 எடுத்தால் பாஸ். 8 என்றால் பிரமாதம், 9 அபூர்வம், 10 அநேகமாக யாருக்கும் கிடையாது. நம் சி.ஜி.பி.ஏ.வும் (மொத்த மார்க் சராசரி) 10-க்குத்தான். வினையே அங்கேதான். லெய்டன் போய்வந்த சீனியர் ஒருவருக்கு எக்ஸாம் செக்‌ஷனில் 8-ஐ 8 என்றே ஏற்றிவிட்டார்கள். இங்கே 9-க்குக் குறையாதவர் அவர். அதைச் சரிசெய்ய எத்தனை மேசை ஏறி இறங்கினார் என்பது தனிக்கதை. சிங்கப்பூரில் ஏ, பி என்று எழுத்தாக வருகிறது. அப்படியே தூக்கி ஒட்ட முடியாது, எந்த எழுத்துக்கு இங்கே எத்தனை என்று மாற்று அட்டவணை போட்டே ஆக வேண்டும். நமக்கு அதுவே நல்லது. (பெல் கர்வ் உண்டு, அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு. உள்ளூர்ப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.)

கிரெடிட் எண்ணைப் பார்த்தும் மயங்காதீர்கள். லெய்டனின் 5 கிரெடிட் பாடத்துக்கு 140 மணி நேர உழைப்பு, சிங்கப்பூரின் 4 யூனிட் பாடத்துக்கு 130. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காலண்டரும் சிங்கப்பூர் பக்கமே. ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் தேர்வு முடிந்துவிடும். லெய்டனில் செப்டம்பரில் தொடங்குவது ஜனவரி வரை இழுக்கும். அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் ஆரம்பித்து அட்டெண்டன்ஸ் அடிபடும்.

வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டினருக்கென்று தனி வகுப்பு கிடையாது. டுடோரியலில் ராஜேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்பைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகவே பேசினேன். பக்கத்தில் இருந்த மாணவிக்குச் சொந்த ஊரே மலேசியாவின் கெடா, அதாவது கடாரம். "எங்க ஊர்ல அதுக்குக் கொள்ளைன்னு பேரு" என்றாள் சிரித்துக்கொண்டே. இங்கே இருந்திருந்தால் அதை யார் சொல்லியிருப்பார்கள்?

லெய்டன் வகுப்பறை எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆனால் இந்தோனேசிய ஆவணங்களில் ஆய்வு செய்யப் போகிறவர் என்றால் நான் சொன்னதை ஓரமாக வையுங்கள். கே.ஐ.டி.எல்.வி. என்ற டச்சு ஆய்வு நிறுவனத்தின் பெருந்தொகுப்பு 2014-இல் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்ந்துவிட்டது, அதற்கு ஈடு சிங்கப்பூரில் இல்லை. கிளம்பும் முன் மார்க் மாற்று அட்டவணையைக் கையெழுத்து, சீலோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், நீங்கள் திரும்புவதற்குள் துறைத்தலைவர் மாறியிருப்பார்.