முப்பதை நெருங்கும் சிப்பாங் விமான நிலையம்

ஜூன் 27 வந்தால் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு 28 வயது நிறைகிறது. 1998-இல் அன்றைய மாமன்னர் துவாங்கு ஜாபார் திறந்துவைத்தார். மூன்று நாள் கழித்து, ஜூன் 30 அன்று, குவாந்தானிலிருந்து வந்த உள்நாட்டு விமானம் முதலில் இறங்கியது. முப்பதாவது ஆண்டு விழாவுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அப்போது மேடை போடுவார்கள், பழைய படங்களைச் சுவரில் மாட்டுவார்கள். இந்த வருடம் தைப்பூசத்துக்கு மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்தபோது இந்த நிலையத்தின் இரண்டு முனையங்களையும் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கண்ணில் பட்டதையும் மனதில் பட்டதையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு விமான நிலையம் என்றால் முதலில் சுபாங்தான். 1965-இல் திறந்த இடம். கிள்ளானிலிருந்து பக்கம். யாராவது லண்டனுக்கோ மதராசுக்கோ கிளம்பினால் ஒரு வேன் நிறைய ஆள் வழியனுப்பப் போவோம். மேல்மாடத்தில் நின்று எந்த விமானம் நம்ம மாமா ஏறியது என்று தெரியாமலே எல்லா விமானத்துக்கும் கையசைப்போம். சுபாங்கைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன, பெரிதாக்க இடமில்லை என்றுதான் பிரதமர் மகாதீர் காலத்தில் சிப்பாங்குக்குப் போனார்கள். ஒதுக்கிய நிலம் நூறு சதுர கிலோமீட்டர். உலகத்தில் பல பெரிய விமான நிலையங்கள் ஒரு ஓடுபாதை கூட்டுவதற்குக் கடலைத் தூர்க்கின்றன, ஊரைக் காலி செய்கின்றன, நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்கின்றன. சிப்பாங்குக்கு அந்தக் கவலை ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஐந்து ஓடுபாதைக்கு வரைபடம் போட்டார்கள், இப்போது மூன்று ஓடுகின்றன.

கட்டடத்தை வரைந்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பதுதான் அவருடைய எண்ணம். புறப்பாட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்றும் அது தெரியும். தூண்கள் மரம் மாதிரி மேலே போய் விரிகின்றன, கூரையின் உள்பக்கம் மரப்பலகை வேய்ந்திருக்கிறார்கள். 1998-இல் கட்டியது என்று சொன்னால் நம்ப முடியாது. புதிதாகக் கட்டிய எத்தனையோ நிலையங்களைப் பார்த்துவிட்டேன். கூரைக்காக நின்று பார்க்க வைப்பது இது ஒன்றுதான்.

திறந்த நாட்களில் பட்ட பாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பரில் காமன்வெல்த் விளையாட்டு, அதற்குள் திறந்தாக வேண்டும் என்ற அவசரம். விமானத்துக்கு நிறுத்துமிடம் ஒதுக்கும் கணினி படுத்துக்கொண்டது. பெட்டிக்காக ஐந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. ஒரு வாரம் கழித்து ஹாங்காங்கின் புது விமான நிலையமும் திறந்து, அங்கேயும் இதே கூத்து நடந்ததால் நம் மானம் கொஞ்சம் தப்பியது. 1997-இல் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ரிங்கிட் ஏற்கெனவே விழுந்திருந்தது, சில பெரிய ஐரோப்பிய நிறுவனங்கள் கோலாலம்பூர் சேவையை நிறுத்திவிட்டுப் போயின. இவ்வளவு பெரிய கூடம் ஆளில்லாமல் எதிரொலித்த காலம் ஒன்று உண்டு. அதிலிருந்து 2019-இல் இரண்டு முனையங்களும் சேர்த்து 62 மில்லியன் பயணிகள் என்ற அளவுக்கு வந்ததில் பெரும் பங்கு மலிவுக் கட்டண விமானங்களுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெல்பர்ன் விமானம், முதல் முனையத்தின் பிரதான கட்டடத்திலிருந்து தள்ளி நிற்கும் சேட்டலைட் கட்டடத்தில் வந்து நின்றது. அங்கிருந்து குடிநுழைவுக்குப் போக, இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஓடும் ஏரோட்ரெயின் என்ற ரயிலில் ஏற வேண்டும். இரண்டு மூன்று நிமிடப் பயணம்தான். ஆனால் இந்த நிலையத்தின் கதை முழுவதும் அந்த ரயிலுக்குள் அடங்கியிருக்கிறது என்பேன். 1998-இல் ஓட ஆரம்பித்த வண்டி அது. வயதாகி, அடிக்கடி நின்று, கடைசியில் 2023 மார்ச் 1 அன்று நடுவழியில் மாட்டிக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் இறங்கித் தண்டவாளம் ஓரமாகவே நடந்து வந்தார்கள். அன்றோடு சேவை நின்றது. புது வண்டி ஓடத் தொடங்கியது 2025 ஜூலை 1-இல். இடையில் 28 மாதம் பேருந்துதான். நாட்டின் முகப்பு என்று சொல்லிக் கட்டிய இடத்தில், இரவு விமானத்தில் தூங்காமல் வந்த குடும்பம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் பேருந்துக்கு வரிசை நின்றது. நானும் அந்தக் காலத்தில் வந்திருக்கிறேன். ஓட்டுநர்கள், வழிகாட்ட நின்ற பிள்ளைகள் எல்லோரும் முகம் சுளிக்காமல்தான் வேலை பார்த்தார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இப்போது புது வண்டி நன்றாகவே ஓடுகிறது. கதவு மூடும் சத்தம் மெதுவாகிவிட்டது, உள்ளே குளிர் சரியாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஏறியதும் முதல் வேலையாகப் படம் எடுத்தார். ரயில் ஓடுவதைப் படம் எடுக்கும் நிலைமைக்கு நம்மைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று சிரிப்புதான் வந்தது.

சேட்டலைட்டின் நடுவில் ஒரு வட்டமான சின்னக் காடு இருக்கிறது. தெரியாதவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளி மரப்பாலத்தில் கால் வைத்ததும் குளிர்சாதனக் காற்று போய், ஈர மண்ணும் இலையும் கலந்த வெப்பம் முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டிருந்தால் உடனே ஆவி படியும். மேலே திறந்த வானம், விமானத்தின் இரைச்சல். வெளிநாட்டிலிருந்து வருகிற எனக்கு ஊர் வந்துவிட்டது என்பது குடிநுழைவு முத்திரையில் தெரிவதில்லை, அந்த வெப்பத்தில்தான் தெரிகிறது.

குடிநுழைவு பற்றி ஒரு வார்த்தை. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஆகவே ஆஸ்திரேலியக் கடப்பிதழ் எடுத்தவன் சொந்த ஊருக்கு வெளிநாட்டவனாகத்தான் வர வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும். அதைச் செய்திருந்தால் ஆஸ்திரேலியா உட்படப் பல நாட்டவர் தானியங்கி வாயிலில் போகலாம். மனிதரே பார்க்காத வாயில் என்பதால், 'எந்த ஊர் பிறப்பு?' என்று சிரித்துக்கொண்டே கேட்கும் மலாய் அதிகாரியும் இனி இல்லை. வேகம் வேண்டும் என்று கேட்டது நாம்தான், சரி.

நகரத்துக்குப் போக விரைவு ரயில் இருக்கிறது. 2002 ஏப்ரலில் வந்தது. 57 கிலோமீட்டர், நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், கட்டணம் 55 ரிங்கிட். நான்கு பேர் குடும்பமாகப் போனால் காரே மலிவு. தனி ஆளுக்கு இதுதான் நல்லது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைச் சாப்பாடு. இதைவிடத் தமிழனுக்கு வசதியான விமான நிலைய ரயில் உலகத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

நேரம் இருந்தால் விரைவு வண்டியை விட்டுவிட்டு, சாலாக் திங்கி, புத்ராஜெயா என்று நின்று போகும் டிரான்சிட் வண்டியில் ஏறுங்கள். ஜன்னலோரம் செம்பனை இன்னும் அங்கங்கே தெரியும். இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். புத்ராஜெயா நின்றுகொண்டிருப்பது பிராங் புசார் தோட்டத்தின் மேல். அந்தத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் பால் வெட்டிய, குலை அறுத்த தமிழ்க் குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடங்களின் விரிசல் பற்றிய புகார் வருடக்கணக்கில் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. விமான நிலையத்துக்காக இடம் பெயர்ந்த தெமுவான் பூர்வகுடி மக்களும் உண்டு. முப்பதாவது ஆண்டு விழாவில் குரோகாவாவின் படம் இருக்கும். இவர்கள் படமும் ஒன்றிரண்டு இருந்தால் குறைந்துபோகாது.

ஊருக்கு வந்த இடத்தில், குலதெய்வக் கோயிலுக்குத் திருச்சி கிளம்பிய அத்தையை வழியனுப்ப இரண்டாம் முனையத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல் முனையத்திலிருந்து ரயிலில் இரண்டு ரிங்கிட், மூன்று நிமிடம். நம் ஆட்களின் விமான நிலையம் உண்மையில் இதுதான். 2006-இல் மலிவு விமானங்களுக்கு ஒரு கொட்டகை மாதிரிக் கட்டினார்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்து போய் விமானம் ஏறியது நினைவிருக்கும். 2014 மே 2 அன்று அதற்குப் பதிலாகக் கேஎல்ஐஏ2 என்ற பெயரில் இந்த முனையம் வந்தது. காணாமல் போன எம்எச்370 விமானம் இங்கிருந்து புறப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத, நாடே சோர்ந்திருந்த நேரம் அது. 2023-இல்தான் பெயரை முனையம் 2 என்று மாற்றினார்கள்.

திருச்சி விமானத்துக்கான வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகளைத் தரையில் திறந்துவைத்துக்கொண்டு மைலோ பாக்கெட்டும் கோடாலித் தைலமும் கைமாறிக்கொண்டிருந்தன. ஒருவர் தூக்கிப் பிடிக்கும் தராசில் பையை மாட்டி, 'ஏழு தாண்டிருச்சு, அந்த டவலை எடு' என்று மனைவிக்குக் கட்டளையிட்டார். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு தம்பி தன் பையில் இடமிருப்பதாகச் சொல்லி, முன்பின் தெரியாத பாட்டியின் பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டான். பாதுகாப்பு விதிப்படி அது தப்பு, செய்யாதீர்கள். ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகு. இந்த முனையத்தில் அனைத்துலக விமானம் ஏற, கடைகளைக் கடந்து, விமானங்கள் அடியில் போகும் அந்த உயர்ந்த வான்பாலத்தில் ஏறி, சேட்டலைட்டுக்குப் போய், அங்கிருந்து வாசல் தேடி நடக்க வேண்டும். நகரும் நடைபாதை சில இடங்களில் உண்டு, ஆனாலும் நடை நடைதான். அத்தைக்கு 72 வயது, இரண்டு முழங்காலும் வலி. போய்ச் சேர்ந்ததும் கைப்பேசியில் அழைத்து, 'இந்த நடையப் பத்துமலைப் படியில நடந்திருந்தா முருகனாவது மெச்சியிருப்பான்டா' என்றார். சக்கர நாற்காலி கேட்டிருக்கலாமே என்றால், 'நான் என்ன நோயாளியா?' என்பார். அவரைப் போல எத்தனையோ பேர். நோயாளியும் இல்லை, இளைஞரும் இல்லை. இவர்களை நினைத்து இந்தக் கட்டடத்தை யாரும் வரைந்ததாகத் தெரியவில்லை.

எதிர்காலம் என்று பேச வந்தால் இங்கேதான் ஆரம்பிப்பேன். நாட்டின் விமான நிலையங்களை நடத்தும் நிறுவனம் 2025 தொடக்கத்தில் பங்குச் சந்தையை விட்டு வெளியேறி, அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா, ஊழியர் சேமநிதி வாரியம், இரண்டு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கையில் இருக்கிறது. நடத்தும் உரிமை 2069 வரை. வெளிநாட்டுப் பணம் வந்ததைப் பற்றி நாடாளுமன்றத்திலும் காப்பிக் கடையிலும் வேண்டிய மட்டும் சண்டை நடந்தது. ஊழியர் சேமநிதியில் என் அண்ணன், தங்கை எல்லோர் காசும் இருக்கிறது. ஆகவே முதலாளி யார் என்பதைவிட, அந்த முதலாளி உதிரி பாகத்தைச் சரியான நேரத்தில் மாற்றுவாரா என்பதுதான் எனக்குக் கேள்வி. சிங்கப்பூர் 2025 மே மாதம் சாங்கியில் ஐந்தாவது முனையத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. உடனே இங்கேயும் மூன்றாவது முனையம் வேண்டும் என்று குரல் எழும். நிலம் இருக்கிறது, வரைபடமும் இருக்கிறது, அடிக்கல் நாட்ட ஆளுக்கும் பஞ்சமில்லை. இன்னொரு பக்கம், 2024 ஆகஸ்டிலிருந்து சுபாங்கில் ஜெட் விமானங்கள் மறுபடி இறங்குகின்றன, உள்நாட்டுக் கூட்டம் கொஞ்சம் அங்கே பிரியலாம்.

எனக்குக் கேட்டால், 2028-க்குள் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். இரண்டாம் முனையத்தில் வான்பாலத்துக்கு அப்புறம் ஐம்பதடிக்கு ஒரு பெஞ்ச் போடட்டும். பெயர் கொடுத்துப் பதிவு செய்யாமல், கை காட்டினால் நிற்கும் மின்வண்டி நாலைந்து விடட்டும். புது ஏரோட்ரெயினின் பராமரிப்புக் கணக்கை வருடா வருடம் பொதுவில் வைக்கட்டும். அத்தை அடுத்த வருடமும் திருச்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டார், ஆடி மாதமே சீட்டு எடுக்கணுமாம்.