புதுச்சேரியில் பிளாஸ்மா வடிகட்டும் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்னும் கொப்புள நோய்க்காக என் தாயாரைக் கடலூரிலிருந்து புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். தோல் செல்களைப் பிணைத்து வைக்கும் டெஸ்மோகிளின் என்ற புரதத்தை கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களே தாக்குவதால் வரும் இந்நோய், வாய்ப்புண்ணில் தொடங்கி, கஞ்சிகூட இறங்காத நிலைக்கு அவரைக் கொண்டுவந்திருந்தது. ஸ்டீராய்டை மேலும் கூட்டச் சர்க்கரை நோய் இடங்கொடுக்காததால், இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை வடிகட்டும் இவ்வழியைத் தோல் மருத்துவர் பரிந்துரைத்தார்.

அங்கே செய்வது இரட்டை வடிகட்டல். முதல் வடிகட்டி இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்க, அதைவிட நுண்ணிய துளைகள் கொண்ட இரண்டாவது வடிகட்டி எதிர்ப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறுகளைத் தடுத்து, உடலுக்குத் தேவையான அல்புமின் என்ற புரதத்தின் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பி அனுப்புகிறது.

செவிலியர்களின் பக்குவத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். இலேசாகத் தேய்த்தாலே தோல் உரியும் நோய் என்பதை அறிந்து, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்கு அடியில் பஞ்சுச் சுருளைச் சுற்றினர். குழாயைத் தையலால் நிறுத்தி, பிளாஸ்திரி படாமல் காஸ் துணி வைத்துக் கட்டினர். வார்டில் வாழையிலை விரித்துப் படுக்க வைத்ததற்கும் முகம் சுளிக்கவில்லை. இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைக்கும் என்பதால், “ஆயா, உதட்டுல மதமதப்பா இருக்கா?” என்று அடிக்கடி கேட்டுக்கொண்டே இருந்தனர்.

குறை முழுவதும் அலுவலகப் பக்கம்தான். “ரத்தம் சுத்தமானால் நோய் போய்விடும்” என்று முன்பதிவு மேசையில் கூறியது பொறுப்பற்ற பேச்சு. இவ்வகை எதிர்ப்பொருளில் பாதிக்கும் மேல் இரத்தக் குழாய்களுக்கு வெளியே திசுக்களில் தங்கி, வடிகட்டிய பின் மெல்லத் திரும்பி வருகிறது. உடலும் புதிதாக உற்பத்தி செய்கிறது. ஆகவே நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கூடவே நடந்தாக வேண்டும். அதைவிட மோசம், நோயெதிர்ப்பை அடக்கும் ரிடுக்ஸிமாப் மருந்தை ஏற்றிய மறுநாளே அடுத்த வடிகட்டலுக்குத் தேதி கொடுத்திருந்தனர். அம்மருந்தும் ஓர் எதிர்ப்பொருளே என்பதால், காசு கொட்டி ஏற்றியதில் பெரும்பகுதி வடிகட்டியில் போயிருக்கும். தோல் மருத்துவர் பார்த்துத்தான் தேதியை மாற்றினார்.

புதிய கொப்புளங்கள் நின்றுவிட்டன. தயிர்சாதம் வலியின்றி இறங்குகிறது. செலவைப் பொறுத்தவரை, முதலில் சொன்ன தொகையில் வடிகட்டியும், இழப்பை ஈடுகட்ட ஏற்றும் அல்புமினும் சேரவில்லை என்பது பில் வந்த பிறகே தெரிந்தது. செல்வோர் இவ்விரண்டின் விலையையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.