1:64 புளூநோஸ் கிட்: பலகைக்கு முன் வங்கைப் பாருங்கள்

மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தின் 1:64 புளூநோஸ் (நிஜத்தில் 64இல் ஒரு பங்கு அளவில், நாமே கட்டும் மரக் கப்பல் மாதிரி), முதல் கப்பலாக வாங்க வேண்டிய கிட் அல்ல. ஒரு சின்னப் படகுக்காவது பலகை ஒட்டி முடித்தவர்களுக்கு இது அருமையான இரண்டாவது கிட். பெட்டியின் மேல் படத்தில் கண்ணை இழுப்பவை பாய்மரமும் கயிறும்தான். வேலை கெடுவதோ அதற்கு வெகு முன்னால், வங்குகளை, அதாவது பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை, சீவும் கட்டத்தில்.

முதலில் எந்தக் கப்பல் என்று தெளிவாக இருக்கட்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம், லூனன்பர்க் துறையில் ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறை கட்டி, 1921 மார்ச் 26 அன்று கடலில் இறக்கிய மீன்பிடி ஸ்கூனர்தான் புளூநோஸ், அதாவது நீளவாக்கில் பாய் கட்டும் கப்பல். வடிவமைத்தவர் வில்லியம் ரூவே, செலுத்தியவர் ஆங்கஸ் வால்டர்ஸ். காட் மீன் பிடிக்கவும் பந்தயத்தில் ஓடவும் ஒரே உடலாகப் போட்டது என்பதால் உடலின் கோடுகள் மெலிந்து நீண்டிருக்கும். 1946இல் ஹைட்டிக்கு அருகே பாறைத்திட்டில் மோதி அழிந்தது. இன்று லூனன்பர்க்கில் நிற்பது 1963இல் அதே பட்டறை கட்டிய புளூநோஸ் 2. ஆர்டெசானியா லத்தினாவின் 1:75 கிட்டும் பில்லிங் போட்ஸின் 1:100 கிட்டும் அந்த இரண்டாவது கப்பலுக்கு உரியவை. பழைய மீன்பிடிக் கப்பலே வேண்டும் என்பவர்கள் பெயரில் அந்த ‘2’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1921 நிலையில் கட்டுவதானால் புரொப்பெல்லரும் கூடாது. டீசல் எஞ்சின் 1936இல்தான் ஏறியது.

அளவைக் கணக்குப் போட்டால், 143 அடி நீளம் 1:64இல் 68 செ.மீ. ஆகிறது. 27 அடி அகலம் 13 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பெரிய பாயின் அடிப் பருமல், அதாவது பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் கிடைமரம், நிஜத்தில் 81 அடி. மாதிரியில் அது மட்டுமே 38.6 செ.மீ. உடல் நீளத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு குச்சி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கயிறு கட்டும்போது மறுபடி வரும்.

பெட்டிக்குள் லேசரில் வெட்டிய பாஸ்வுட் தகடுகள், பலகைச் சட்டங்கள், பாய்மரத்துக்கு உருளைக் குச்சிகள், பிரிட்டானியா உலோக வார்ப்புகள், மரக் கப்பிகள், நூல், மாதிரியின் அளவிலேயே வரைந்த வரைபடத் தாள்கள், கையேடு. பாஸ்வுட் மென்மையான, இழை நெருக்கமான மரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். வளைக்க எளிது, பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், அழகான இழையோட்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கறுப்பும் சிவப்பும் அடிக்கப் போகிற உடலுக்கு அது குறையே அல்ல. தேக்கு நிறத்தில் வார்னிஷ் பளபளக்கும் கப்பல் வேண்டுமென்றால் வேறு கிட்டைப் பாருங்கள்.

அளவுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. 1/16 அங்குலம் 1.6 மி.மீ., 1/8 அங்குலம் 3.2 மி.மீ. உள்ளூரில் மாற்றுப் பலகை அறுத்து வாங்கும்போது 1.5 என்றும் 3 என்றும் சுருக்கிவிடாதீர்கள். முப்பது பலகைக்கு 0.2 மி.மீ. வீதம் குறைந்தால் மொத்தம் 6 மி.மீ., அதாவது இரண்டு பலகைக்கான இடம். வரைபடத்தை நகல் எடுத்தாலும் அதிலுள்ள அளவுகோலின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள். நகல் இயந்திரங்கள் ஒரு திசையில் கொஞ்சம் இழுத்துவிடும்.

இனி கட்டமைப்பு. ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிமரம், ஒரே நீளத் தகடு. அதன் காடிகளில் குறுக்கே பொய் வங்குகள் (நிஜ வங்குக்குப் பதிலாக நிற்கும் முழுத் தகடுகள்) உட்காருகின்றன. மெல்லிய தகடு என்பதால் ஏரா கோணுவதற்கு வாய்ப்பு உண்டு. ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். கோணல் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமேற்றி இரண்டு நாள் விடுங்கள். நிமிர்ந்ததும் வங்குகளை ஒட்டி, ஒவ்வொரு இடைவெளியிலும் சதுரமாக அறுத்த மரத்துண்டு ஒன்றை ஏராவின் இருபக்கமும் வைத்துவிட்டால் மறுபடி முறுக்காது. வங்கு நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணை நம்பாமல் மூலைமட்டத்தால் பாருங்கள். தாங்கு கம்பிகளுக்கான இரண்டு துளைகளை ஏராவில் இப்போதே போட்டு, உள்ளே நட்டுகளைப் பதித்துவிடுவது நல்லது. கப்பலை முடித்த பிறகு தலைகீழாகக் கவிழ்த்துத் துளை போடுவது பயங்கரமான வேலை.

லேசர் விட்ட கருகல் ஒரு தொல்லையும் ஒரு உதவியும். ஒட்டும் முகத்தில் கருகல் இருந்தால் பசை மரத்துக்குள் இறங்காது. காடிகளிலும் ஏரா ஓரத்திலும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வங்குகளின் வெளி ஓரத்தில் மட்டும் அதை விட்டு வையுங்கள், சீவும்போது அதுதான் வழிகாட்டி. அணியத்தை (கப்பலின் முன்முனையை) நோக்கி உடல் குறுகிக்கொண்டே போகிறது. ஆகவே முன்பக்க வங்கு ஒவ்வொன்றிலும் முன் விளிம்பு சீவப்பட வேண்டும், நடுக்கப்பல் பக்கத்து விளிம்பு அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பின் விளிம்பில் மயிரிழைக் கறுப்புக்கோடு மிஞ்சியிருந்தால் அளவு சரி. கோடு போய்விட்டால் கூடுதலாகச் சீவிவிட்டீர்கள். அமரப் பக்கம், அதாவது பின்முனையில், இதற்கு நேர்மாறு.

உப்புத்தாளைக் கையில் மடித்துப் பிடித்துத் தேய்த்தால் ஒவ்வொரு வங்கும் தனித்தனியாக உருண்டு போகும். 25 செ.மீ. நீளமுள்ள நெளியும் மெல்லிய பட்டையில் 120 எண் தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று நான்கு வங்குகளின் மேல் படுமாறு இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை ஒரு பலகைச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். அது எல்லா வங்கிலும் முழு அகலத்தில் படிந்து உட்கார வேண்டும். ஒரு வங்கின் ஓர் ஓரத்தை மட்டும் தொட்டால் அங்கே சரிவு போதாது. எங்காவது தொடாமல் நின்றால் அந்த வங்கு பள்ளம். அதன் மேல் மெல்லிய மரச்சிராய் ஒட்டி மறுபடி தேயுங்கள். இந்த வேலைக்கு இரண்டு வார இறுதிகள் போனால் போகட்டும். இங்கே மிச்சம் பிடித்த இரண்டு மணி நேரத்தைப் பின்னால் பட்டி அப்பி அப்பித்தான் அடைக்க வேண்டிவரும். அப்போதும் கறுப்புப் பளபளப்பில் மேடுபள்ளம் வெளிச்சத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிட்டின் பலவீனமான இடம், தள ஓரத்துப் பக்கச்சுவரைத் தாங்கும் கால்கள். வங்கின் மேல்நுனிகளே தளத்துக்கு மேல் நீண்டு அந்தக் கால்களாக நிற்கின்றன. யோசனை நல்லது, வரிசை தானாக அமைகிறது. ஆனால் மெலிந்த பாஸ்வுட் நுனிகள் சட்டைக் கை பட்டாலே முறியும், அதுவும் சீவும் நேரத்தில். இரண்டு வழி உண்டு. ஒன்று, தொடங்கும்போதே மெல்லிய சூப்பர் குளூவை அந்த நுனிகளில் ஊறவிட்டு, உடல் சீவி முடியும்வரை அவற்றை இறுதித் தடிமனுக்குக் கொண்டுவராமல் விட்டு வைப்பது. மற்றது, தளம் போட்டதும் எல்லாக் கால்களையும் தள மட்டத்தில் அறுத்துவிட்டு, ஓரப்பலகையில் சின்னக் காடிகள் எடுத்துத் தனிக் கால்களை நடுவது. நிஜத்தில் 6 அங்குலக் கால் என்று கொண்டால் மாதிரியில் 2.4 மி.மீ. இரண்டாவது வழி கூடுதல் வேலைதான், இருந்தாலும் அதைத்தான் சிபாரிசு செய்வோம். கால்கள் எல்லாம் ஒரே கனத்தில் கூர்மையாக நிற்கும், பெயிண்டும் தனியாக அடித்துக்கொள்ளலாம்.

பலகை ஒட்டுவது ஒரே அடுக்கு. தப்பை மூட இரண்டாவது அடுக்கு கிடையாது, ஆகவே முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். நடுவங்கில் தள ஓரத்திலிருந்து ஏராக் காடிவரை ஒரு காகிதப் பட்டையை வளைத்து நீளத்தை எடுங்கள். எடுத்துக்காட்டாக அது 96 மி.மீ., சட்டம் 3.2 மி.மீ. என்றால் 30 பலகை. அணியத்தின் முதல் வங்கில் அதே அளவு 54 மி.மீ. என்று வந்தால், முப்பது பலகையும் அங்கே 1.8 மி.மீ. அகலத்துக்குக் குறுக வேண்டும். இப்படி ஒவ்வொரு வங்கிலும் முப்பது பாகமாகப் பென்சில் குறி போட்டுவிட்டால், பலகை எங்கே எவ்வளவு மெலிய வேண்டும் என்று குறியே சொல்லும். பாதி அகலத்துக்குக் கீழ், இங்கே 1.6 மி.மீ.க்குக் கீழ், போகக் கூடாது, நுனி பிசிறும். அப்படி வந்தால் ஒரு பலகையைப் பாதியில் நிறுத்தி, பக்கத்துப் பலகையை அகலமாக்கிக் கொள்ளுங்கள்.

ஏராவை ஒட்டிய முதல் பலகையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அதை வளைந்த போக்கில் விட்டால் அணியத்தில் மேல்நோக்கி ஏறும். ஏறிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதற்கு மேலே வரும் எல்லாப் பலகையையும் பிதுக்கும். அதன் முன்முனை வரைபடத்தில் காட்டிய இடத்தைத் தாண்டக் கூடாது, சட்டம் போதாமல் அகலமாக வெட்ட வேண்டியிருந்தாலும் சரி. வளைக்க, சட்டத்தை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இடத்திலேயே கிளிப் போட்டு ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் பசை போடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடுக்கு விழும். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் ஒரு நாள் பத்தாது, இரண்டு நாள் விடுங்கள். சாதாரண வெள்ளை மரப்பசை போதும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக நாலைந்து போட்டால் ஏரா அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

அமரத்தில் உடல் உள்வாங்கி, பின் தட்டையாக நீண்டு வெளியே தள்ளுகிறது. பலகை அங்கே ஒரே நேரத்தில் வளையவும் முறுக்கவும் வேண்டும். கடைசி இரண்டு வங்குகளுக்கு இடையே அடைப்புக்கட்டை செதுக்கி நிரப்பிவிட்டால் பலகைக்கு ஒட்டிக்கொள்ள இடம் தாராளமாகக் கிடைக்கும்.

தளப் பலகைக்கு 1.6 மி.மீ. அகலம் சரியாக வரும் (நிஜத்தில் 4 அங்குலம்). கலப்பத்துக் கோட்டுக்கு (பலகை இடுக்கை அடைத்த கறுப்புக் கோட்டுக்கு) பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் பென்சில் தேயுங்கள். இரண்டிலும் தேய்த்தால் 1:64க்குத் தடித்துப் போகும். பிறகு உப்புத்தாள் போடாதீர்கள், பென்சில் தூள் பரவித் தளம் அழுக்காகும். புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள்.

நிறம்: மேலே கறுப்பு, கீழே செம்பழுப்பு, நடுவில் வெள்ளை நீர்க்கோடு, மேல் ஓரத்தில் மஞ்சள் வரி. முதலில் வெள்ளையைப் பட்டையாக அடித்து, அதன் மேல் 2 மி.மீ. டேப் ஒட்டி, பிறகு மற்ற இரண்டையும் அடித்தால் ஓரம் சுத்தமாக வரும். நீர்க்கோட்டைக் குறிக்க, கப்பலை மட்டமாக நிறுத்தி, ஒரு கட்டையில் சரியான உயரத்தில் பென்சிலைக் கட்டி, மேசை மேல் நகர்த்தியபடி சுற்றி வாருங்கள். உடல் மேலும் கீழும் வளைந்தாலும் கோடு நேராகவே விழும்.

பிரிட்டானியா வார்ப்புகள் சுமார்தான். வெள்ளீயம் கலந்த மென் உலோகம் என்பதால் அச்சுக்கோட்டை அரத்தால் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, உலோகப் பிரைமர் அடித்த பின்னரே பெயிண்ட். சால்டரிங் அயர்னைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், உருகிவிடும்.

கயிறு விஷயத்தில் ஒரு சொல். நிஜக் கப்பலில் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தியவை இரும்பு வடங்கள். ஆகவே அந்த நூல் கறுப்பாகவும் பிசிறில்லாமலும் இருக்க வேண்டும். பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு படியும். இன்னும் நல்லது, பாலியஸ்டர் நூலாக மாற்றிவிடுவது. ஈரக்காற்றில் இறுகித் தளராது. முதலில் சொன்ன 38.6 செ.மீ. பருமல் இங்கே கணக்குக் கேட்கும். அதன் தூக்குக் கயிற்றைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் பாய்மர நுனி பின்னால் சாயும். அதனால் முதலில் முன்பக்கக் கயிறுகள், பிறகு இருபக்க வடங்கள், கடைசியில் பருமல்.

1938இல் புளூநோஸ் தன் கடைசிப் பந்தயத் தொடரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் கெர்ட்ரூட் திபோ என்ற, க்ளஸ்டர் துறைமுகத்து ஸ்கூனரை வென்றது. அதே ஆண்டில்தான் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், புளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற புதுப்பெயரோடு க்ளஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதற்கும் யாராவது வங்கு வெட்டிப் பெட்டியில் போட்டு விற்றால், இதே அளவில் பக்கத்தில் நிறுத்தலாம்.

கடைசியாக இடம். அணியத்துக்கு முன்னால் நீட்டும் முன்கொம்பும் பின்னால் நீளும் பருமலும் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளளவு 90 செ.மீ. நீளம், 80 செ.மீ. உயரம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் புத்தக அலமாரித் தட்டில் இது நிற்காது. பெட்டியின் அடியில் காற்றுக்கு இரண்டு சின்னத் துளைகள் விடுங்கள், உள்ளே வலை ஒட்டி.