பட அட்டையா, டேப்லெட்டா? எங்கள் வீட்டுக் கணக்கு

என் மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து சொல்லும் நின்றுபோனபோது, பாளையங்கோட்டையில் நாங்கள் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு வழி சொன்னார். ஒன்று, படம் போட்ட அட்டையை எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்குவது. மற்றது, படத்தைத் தொட்டால் தானே பேசும் டேப்லெட் செயலி. இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்தோம். அட்டைதான் நிலைத்தது.

படத்தைப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று என் அம்மா பயந்தார். அந்தப் பயம் இரண்டுக்குமே வேண்டாம். சைகை, படம் என்று மாற்று வழி பழகியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2006-ல் மில்லர், லைட், ஷ்லாசர் தொகுத்தார்கள். நம்பத்தகுந்ததாக அவர்கள் எடுத்துக்கொண்ட 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது.

டேப்லெட் பக்கமும் நியாயம் உண்டு. சத்தம் வருவதால் கடைக்காரருக்கும் புரியும். நூற்றுக்கணக்கான சொல் அடங்கும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலேயே பேசுகிறது. கோனி கசாரி குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பேசாத 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 61 பேர். ஒரே விளையாட்டுப் பயிற்சிதான், ஆனால் தொடக்கத்திலேயே பேசும் கருவியும் கிடைத்தவர்கள் தாமாகச் சொன்னது அதிகம். இது என் கட்சிக்குக் கொஞ்சம் இடிக்கிறதுதான். ஆனால் அங்கே கருவியை அட்டையோடு மோதவிடவில்லை. எங்கள் வீட்டிலோ டேப்லெட் என்றால் யூடியூப். அதில் சோறு கேட்கச் சொன்னால் அவன் ரயில் வீடியோவைத் தேடுவான்.

அட்டை முறையை ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985-ல் அமெரிக்காவின் டெலாவேரில் உருவாக்கினார்கள். முதல் படியில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். எதிரே ஒருவர் முறுக்கை வைத்துக்கொண்டு உட்கார, பின்னால் இருப்பவர் வாய் திறக்காமல் பிள்ளையின் கையை மட்டும் நகர்த்துவார். அட்டை அடுத்தவர் கைக்குப் போனால்தான் முறுக்கு.

ஆனால் எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது பராமரிப்பு. டேப்லெட் விழுந்து கண்ணாடி உடைந்தபோது ஒன்பது நாள் பிள்ளைக்கு வாயில்லாமல் போயிற்று. அட்டை தொலைந்தால் அன்று சாயங்காலமே வேறு வந்துவிடும். குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது ‘தண்ணீர்’ அட்டையே தாமிரபரணியோடு போய்விட்டது. திரும்பும் வழியில் டவுன் ஜெராக்ஸ் கடையில் புதிது எடுத்தோம். ஒரு தாளில் 12 படம், லேமினேஷனோடு 50 ரூபாய். ஒட்ட வெட்டினால் ஓரத்தில் தண்ணீர் ஏறி உரியும், சுற்றிலும் கொஞ்சம் விட்டு வெட்டவேண்டும். வெல்க்ரோவில் சொரசொரப்பான பக்கம் அட்டைக்கா, பலகைக்கா என்று முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். நான் மாற்றி மாற்றி ஒட்டி 24 அட்டையைப் பாழாக்கினேன். அப்புறம் ஒவ்வொன்றிலும் இரண்டு எடுப்பது வழக்கமாயிற்று. மாற்று அட்டைகள் அவன் ஆச்சியின், அதாவது என் அம்மாவின், சுருக்குப்பையில் இருக்கும். டேப்லெட்டைத் தொடவே தயங்கிய அம்மாதான் இப்போது அட்டைகளுக்குப் பொறுப்பு. சொதி அட்டையில் இருப்பதும் அவர் வைத்த சொதிதான், இணையத்துப் படமில்லை.

நாலாவது படியில் அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியம் ஆக்கவேண்டும். ஆங்கில வரிசையில் ‘எனக்கு வேண்டும்’ என்ற அட்டை முதலில், பொருள் பிறகு. ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, “இப்படி யாருல பேசுதா?” என்றார். சரிதானே. தெரபிஸ்டிடம் கேட்டு ‘வேணும்’ அட்டையைக் கடைசிக்கு நகர்த்தினோம். சொதி, வேணும். பத்து நாள் கழித்து ‘வேணும்’ அட்டையை நீட்டும்போது “ணும்” என்றான். அட்டையால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன், தெரபியும் நடந்துகொண்டுதான் இருந்தது.

பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இப்போது 43 அட்டை, இருநூறு ஆனால் சுருக்குப்பை தாங்காது. அப்போது மறுபடி டேப்லெட்தான். கண்ணாடி மாற்றி பீரோ மேல் வைத்திருக்கிறோம், அவன் கண்ணில் படாமல்.