பர்ப்பிள் ரெய்ன்: ஒரு பேஸ் கிட்டார்காரனின் விமர்சனம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1984-இல் வந்த இந்தப் படத்தை டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். ‘லெட்ஸ் கோ கிரேஸி’ பாட்டோடு படம் எடுத்த எடுப்பிலேயே மேடையில் ஏறிவிடுகிறது. ஹெட்ஃபோனோ நல்ல ஸ்பீக்கரோ இல்லையென்றால் பாதிப் படம் போச்சு.

கதை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற நிஜ கிளப்பில் நடக்கிறது. பாடகர் பிரின்ஸ் அங்கே வாசிக்கும் குழுவின் தலைவனாக வருகிறார். ‘தி கிட்’ என்பதைத் தவிர அவனுக்குப் பேர்கூடக் கிடையாது. வீட்டில் அப்பா அம்மாவை அடிக்கிறார். போட்டிக் குழுத் தலைவன் மோரிஸ் டே இவன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். நடுவில் அப்பலோனியாவோடு காதல். இயக்குநர் ஆல்பர்ட் மக்னோலிக்கு இது முதல் முழுநீளப் படம், அது தெரிகிறது. பிரின்ஸ் வசனம் பேசும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அப்பாவாக வரும் கிளாரன்ஸ் வில்லியம்ஸ்தான் நடிகர்.

ஆனால் குழுவுக்குள் நடக்கும் சண்டை இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம். குழுவில் வாசிக்கும் வெண்டியும் லிசாவும் (நிஜத்திலும் பிரின்ஸின் குழுக்காரர்கள்தான்) தாங்கள் போட்ட மெட்டைக் கேட்கச் சொல்லி கேசட்டைக் கொடுக்கிறார்கள். இவன் காது கொடுப்பதே இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர்களுக்கு இந்தத் தலைவனை நன்றாகத் தெரியும். கடைசியில் அந்த மெட்டுதான் படத்தின் பெயர் கொண்ட பாட்டாக மேடையேறுகிறது. நிஜத்தில் எழுதியது பிரின்ஸேதான் என்பது வேறு விஷயம். 1983 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அதே கிளப்பில், ஒரு நாட்டியக் குழுவுக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரியில் பதிவானதுதான் அந்தப் பாட்டுக்கு அடிப்படை. அன்று வெண்டிக்கு வயது 19, பிரின்ஸின் குழுவோடு முதல் மேடை. ஆரம்பத்தில் தனியாக வரும் அந்த கிட்டார் கார்டுகள் அவர் வாசித்தவை. கடைசியில் பிரின்ஸின் சோலோ வரும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் தொழிலுக்கே அவமானம் ஒன்றும் இதில் உண்டு. ‘வென் டவ்ஸ் க்ரை’ பாட்டில் பேஸே கிடையாது. போட்டிருந்ததை பிரின்ஸ் எடுத்துவிட்டார். கிட்டார், டிரம் மெஷின், கீபோர்டு, குரல், அவ்வளவுதான். பேஸ் இருந்திருந்தால் அந்த வெறுமை வந்திருக்காது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது, வயிற்றெரிச்சலோடு.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். மோரிஸ் டேயின் ஆள் ஒரு பெண்ணைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போடுவதை நகைச்சுவை என்று வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட் அப்பலோனியாவை அறைவதையாவது அப்பாவின் கதையோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். அதையும் படம் சட்டென்று மன்னித்துவிடுகிறது.

பாடல் இசைக்காக ஆஸ்கர் வாங்கியது. ஆல்பம் அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. இரண்டும் நியாயமே.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படமல்ல. பச்சையான வரிகள் கொண்ட ‘டார்லிங் நிக்கி’ பாட்டைத் தன் மகள் கேட்பதைக் கண்டுதான், அமெரிக்க அரசியல்வாதி அல் கோரின் மனைவியான டிப்பர் கோர் கொதித்துப் போராட்டத்தில் இறங்கினார். ஆல்பம் உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஸ்டிக்கர் வந்தது அதன் பிறகுதான்.