நேரக் கணக்கெடுப்பைப் படமாக்க: டேப்லோவா, ஆரா?

மக்கள் ஒருநாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்தியாவின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019, 2024 ஆண்டுகளில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளை எல்லோருக்கும் புரியும்படி படமாக்க டேப்லோ பப்ளிக் (Tableau Public, தரவை இழுத்துப் போட்டுப் படமாக்கும் இலவச மென்பொருள்), ஆர் (R, புள்ளியியலுக்கான நிரல்மொழி) இரண்டையும் வைத்துப் பார்த்தேன். இப்போது ஆர் கட்சி.

அழகில் டேப்லோதான். மாநிலம், ஆண்-பெண், நகரம்-கிராமம் என்று வாசகரே தட்டிப் பார்க்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். அதோடு சரி.

சிக்கல் தரவின் அமைப்பில் இருக்கிறது. காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை ஒருவர் செய்தது அரைமணித் துண்டுகளாக, வேலைக்கொரு வரியாக வரும். செய்யாத வேலைக்கு வரியே கிடையாது. அடுப்படிப் பக்கம் போகாத ஆண் சமையல் கணக்கில் பூஜ்யமாகக்கூட நிற்க மாட்டார். டேப்லோவில் நிமிடங்களை இழுத்துப் போட்டுச் சராசரி கேட்டால், இருக்கிற வரிகளை மட்டும் வைத்து விடை சொல்லும்.

இதன் விளைவு சின்னதல்ல. 2019 அறிக்கைப்படி, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட ஆண்கள் ஒருநாளில் செலவிட்டது 97 நிமிடம், பெண்கள் 299. மூன்று மடங்கு. ஆனால் ஈடுபட்ட ஆண்களே 26.1 சதவீதம்தான். ஈடுபடாதவர்களையும் சேர்த்தால் ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 243. கிட்டத்தட்ட பத்து மடங்கு! இரண்டு கணக்கும் சரிதான், எதைப் போட்டிருக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டேப்லோவிலும் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் வேலைவாரி வடிகட்டியைத் தட்டியதும் வகுக்கும் எண் (ஆட்களின் எண்ணிக்கை) சுருங்கும். அதை நிலையாகக் கட்டிப்போட்டால், தனியாக அமைப்பை மாற்றாதவரை மாநில வடிகட்டிக்கும் அசையாது. ஒவ்வொரு படத்திலும் இதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆரில் முதலில் ஆட்கள் பட்டியல், அதோடு வேலைகளை இணைப்பது, காலி இடத்தில் 0, பிறகு எடையிட்ட சராசரி (ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது). நாலைந்து வரி நிரல், யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். 2024 தரவுக்கும் கோப்பின் பெயரையும் நெடுவரிசை இடங்களையும் மாற்றி ஓட்டினால் முடிந்தது.

ஆர் வழக்கமாகத் தருவது அசையாத படம் என்பது உண்மைக் குறை. சுருக்க அட்டவணையை டேட்டாராப்பரில் (இணையத்தில் படம் வரையும் கருவி) ஒட்டினால் போனிலும் நன்றாகத் தெரிகிறது. ஆரிலேயே தட்டிப் பார்க்கும் இணையப் பக்கம் செய்ய உதவும் ஷைனியில் கூட்டம் வந்தால் தாங்குமா என்று நான் சோதித்ததில்லை. டேப்லோ போன்ற இன்னொரு மென்பொருளான பவர் பிஐயை மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறேன்.

குழுவில் டேப்லோ மட்டுமே தெரியும் என்றால், மூலக்கோப்பை அதில் ஏற்றாதீர்கள். பூஜ்யங்களைச் சேர்த்துக் கணக்கிட்ட அட்டவணையை வேறெங்காவது தயாரித்து, அதை மட்டும் கொடுங்கள்.