போயர் கிடா: எடை ஏறுகிறது, ஆனாலும் இன்னொன்று வாங்க மாட்டேன்

தன் மந்தைக்குப் போயர் கிடா சேர்க்கலாமா என்று நண்பர் கேட்டார். சில வருடமாக என் நாட்டுப் பெட்டைகளுக்கு அதுதான் கிடா என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்கென்றே தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. முதல் கலப்புக் குட்டியின் முதுகெலும்பில் கை வைத்து அழுத்தினால் இரண்டு பக்கமும் சதை திரண்டு நிற்கும். அதே வயது நாட்டுக் குட்டியைவிட எடை கூடத்தான். ஒரு கிடா 25, 30 பெட்டைகளுக்குப் போதும். அதனால் கிடாவுக்குப் போட்ட பணம் குட்டிகள் மேல் பிரிந்து கரைந்துவிடும். சாதுவான ஆடும்கூட.

என் கோபமெல்லாம் தாயாக்க நிறுத்திய கலப்புப் பெட்டைகள் மேல்தான். மழை பிடித்தால் போதும், குடற்புழு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். மருந்து கொடுத்தால் தேறும், அப்புறம் மறுபடியும் அதே கதை. எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி கொடுத்தால் புழுவுக்கே மருந்து பழகிவிடும். அதே மேய்ச்சல், அதே தீவனத்தில் பக்கத்திலேயே நாட்டுப் பெட்டை இரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கும்! அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் ஈரப்பதமான மேய்ச்சலில் போயர், கிகோ, ஸ்பானிஷ் என்ற மூன்று ஆட்டினப் பெட்டைகளை ஒப்பிட்டபோதும் போயர்தான் பின்தங்கியது.

பெட்டை வருடம் முழுக்கத் தின்கிறது. சினைக்காலம் மட்டுமே 5 மாதம். அந்தச் செலவையெல்லாம் அடைப்பது பால் மறக்கும்வரை பிழைத்து வருகிற குட்டிகள்தான். குட்டி ஒன்றுக்கு இரண்டு கிலோ கூடி என்ன, ஈத்துக்கு ஒரு குட்டி குறைந்தால் கணக்கு படுத்துவிடும். குட்டியின் எடையை எல்லோரும் பேசுகிறார்கள், தாயின் தீவனச் செலவைப் பேசுவதில்லை.

நியாயமாகச் சொன்னால், கலப்புக் குட்டிகளை மொத்தமாக இறைச்சிக்கு விற்றுவிட்டு, தாய்க்கு நாட்டுப் பெட்டைகளையே வைத்துக்கொள்பவர் தாராளமாக வாங்கலாம், லாபம் நிற்கும். நான் வாங்க மாட்டேன். வெளுத்த இமைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கிடா தனக்குப் பிறந்த பெட்டைகளோடே சேராமலிருக்க, அவை பருவத்துக்கு வருமுன் எப்படியும் கிடாவை மாற்றியாக வேண்டும். இந்த முறை, மழைக்காலத்தில் மருந்தில்லாமல் தாங்கிய தாய்க்கு இரட்டையில் பிறந்த நாட்டுக் கிடாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.